ஆலமரத்தடியில் ஒரு வழக்கு

களஞ்சியத்தின் கதை – 19

பனியன் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. குழந்தைச் சட்டை தைத்தாலும் இரவு உடை தைத்தாலும் இங்கே அது பனியன் கம்பெனிதான். காலையில் டிபன் பாக்ஸோடு பஸ்ஸுக்கு நிற்பவரைக் கேட்டால் “பனியன் கம்பெனிக்குப் போறேனுங்க” என்பார். அந்தச் சொல் இங்கு வந்து சேர்ந்த வழிதான் சுற்றுவழி. குஜராத்தியில் வணிகருக்கு வாணியோ என்று பெயர். போர்த்துக்கீசியர் வாயில் அது பனியன் ஆனது. அந்த வணிகர்கள் உடுத்திய தளர்ந்த மேலாடையைப் பார்த்துத் தாங்களும் தைத்துப் போட்டுக்கொண்ட ஐரோப்பியர், அதற்கும் பனியன் என்றே பெயர் வைத்தார்கள். இந்தியாவில் அந்தப் பெயர் நாளடைவில் உள்ளாடைக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

அதே வணிகர்கள் பாரசீக வளைகுடாவில் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துப் பக்கம் ஒரு பெரிய மரத்தடியில் கூடிக் கும்பிட்டுவந்தார்கள். அதைப் பார்த்த ஐரோப்பியர் அந்த மரத்தையும் பனியன் மரம் என்றார்கள். ஆலமரத்துக்கு ஆங்கிலப் பெயர் வந்த கதை இதுதான். நாம் போடும் பனியனும் நம் ஊர்ச் சாவடி ஆலமரமும் பெயரளவில் பங்காளிகள்.

இந்த வாரக் கதைக்கு இரண்டுமே வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவைத் தொகுப்பவர்கள் கூடிப் பேசுகிற பொதுப் பக்கத்துக்கு ‘ஆலமரத்தடி’ என்று பெயர். ஆங்கிலத்தில் அதே பக்கத்துக்கு ஊர்க் குழாயடி என்று பொருள்படும் பெயர் உண்டு. அதை அப்படியே பெயர்த்து வைக்காமல், வழக்குப் பேசவும் வம்பு தீர்க்கவும் நம்மவர்கள் எங்கே கூடுவார்கள் என்று யோசித்து வைத்த பெயர் இது. 2010-இல் அந்த ஆலமரத்தடிக்கு ஒரு பெரிய வழக்கு வந்தது. அதற்குப் போகுமுன், விட்ட இடத்தைத் தொட்டுக்கொள்வோம்.

திருப்பூரில் 1903-இல் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் 1946-இல் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானதையும், அதே ஆண்டு தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கியதையும் சென்ற இதழ்களில் பார்த்தோம். ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெ. தூரன் ஆசிரியர் வேலையை விட்டுக் கலைக்களஞ்சியத்தின் முதன்மை ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்ததையும் பார்த்தோம். முதல் தொகுதி 1954-இல் வந்தது. பத்தாவது வந்து பணி முடியும்போது 1968. தமிழில் நவீன முறையில் அமைந்த முதல் பெரும் கலைக்களஞ்சியத்தைத் தொடங்கியவரும் கட்டி முடித்தவரும் ஐம்பது கிலோமீட்டர் இடைவெளியில் பிறந்த கொங்குநாட்டுக்காரர்கள்.

அந்தப் பத்துத் தொகுதிகளைப் புரட்டும்போது எனக்கு ஒரு குறை தோன்றும். துறை அறிஞர் ஒருவர் கட்டுரை அனுப்பியிருப்பார். ஆசிரியர் குழு ஒரு கலைச்சொல்லை மாற்றியிருக்கும், ஒரு பத்தியை வெட்டியிருக்கும். அறிஞர் கோபப்பட்டிருக்கலாம், கடிதம் எழுதியிருக்கலாம். அச்சில் அதில் எதுவும் தெரியாது. நம் கைக்கு வருவது அயர்ன் போட்டு மடித்து, பெட்டியில் அடுக்கிய சரக்கு. கட்டிங்கில் என்ன நடந்தது, செக்கிங்கில் எது கழிந்தது என்பது கம்பெனிக்குள்ளேயே நின்றுவிட்டது.

2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியா இந்த இடத்தைத்தான் திறந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு அவர்களே நுபீடியா என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அறிஞர்கள் எழுதுவார்கள், ஏழு படிகளில் சரிபார்ப்பு நடக்கும், அதன் பிறகே வெளியீடு. முதல் ஆண்டில் தேறியவை இருபது சொச்சம் கட்டுரைகள். அலுத்துப்போய், யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கதவைத் திறந்தார்கள். சரிபார்ப்பு மட்டும் ஒழியவில்லை. வெளியீட்டுக்கு முன்னால் இருந்தது பின்னால் போனது, எல்லார் கண்ணெதிரிலும் நடந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஒரு வரலாற்றுப் பக்கம் இருக்கும். யார், எந்த நாள், எந்த நிமிடம், எந்த எழுத்தை மாற்றினார் என்று அதில் பதிவாகும். பக்கத்திலேயே ‘உரையாடல்’ என்று இன்னொன்று. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்கிற இடம் அது.

தமிழில் இது 2003-இல் முளைத்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை பார்த்துவந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன் அந்த ஆண்டு நவம்பரில் வந்து சேர்ந்தார். தளத்தின் பொத்தான்களையும் அறிவிப்புகளையும் முதலில் தமிழாக்கினார், பிறகு கட்டுரை எழுத உட்கார்ந்தார். தனி ஆளாக அவர் தொடங்கிவைத்த கட்டுரைகள் 4,000-ஐத் தாண்டின. கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்குக் கொடுத்தது. அதுவரை அந்த விருதைப் பெரும்பாலும் எழுத்தாளர்களும் ஆய்வாளர்களுமே வாங்கிவந்தார்கள்.

தொடக்கக் காலத்தில் எழுத வந்தவர்கள் கையளவுதான். ஆளாளுக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்த காலம் அது. ஒருவர் கணினியில் தமிழாகத் தெரிவது இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒருங்குறி பரவி, ஈ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்கள் வந்த பிறகுதான், பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து உட்காருகிறவராலும் ஒரு பத்தி எழுத முடிந்தது.

ஆள் சேர்ந்ததும் பேச்சு சேர்ந்தது. முதல் பெரும் விவாதங்கள் எழுத்தைப் பற்றியே நடந்தன. கிரந்த எழுத்து வேண்டுமா, வேண்டாமா? ரஷ்யாவா, உருசியாவா? ஜெர்மனியா, செருமனியா? போதாததற்குக் கடலின் இரு கரைகளும் ஒரே பக்கத்தில் எழுதின. சென்னைக்காரர் டொராண்டோ என்று எழுதுவதை யாழ்ப்பாணத்தார் ரொறன்ரோ என்று எழுதுவார். இங்கே நாற்காலி, அங்கே கதிரை. தூரன் அறையில் என்றால் ஆசிரியர் ஒரு வடிவத்தை முடிவு செய்திருப்பார், எல்லாரும் அதன்படி நடந்திருப்பார்கள். இங்கே முதலாளி இல்லை. நாள்கணக்கில் பேசினார்கள், சலித்துப் போனவர்கள் உண்டு, கோபித்துக்கொண்டு விலகியவர்களும் உண்டு. கடைசியில் பல இடங்களில் கைகொடுத்தது ‘வழிமாற்று’ என்ற சின்ன ஏற்பாடு. கட்டுரை ஏதோ ஒரு பெயரில் இருக்கும். மற்ற பெயரில் தேடி வருகிறவரையும் அது அதே வாசலில் கொண்டுவந்து விடும். சண்டை முழுதாகத் தீராது. ஆனாலும் வாசகர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

இப்போது வழக்குக்கு வருவோம்.

2008-இல் கூகுள் நிறுவனம் இந்தி விக்கிப்பீடியாவில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. ஆங்கிலத்தில் மக்கள் அதிகம் தேடும் கட்டுரைகள் எவை என்று தன் தேடல் கணக்கைப் பார்த்து, இந்தியில் இல்லாதவற்றைப் பொறுக்கி, ஆள் வைத்து மொழிபெயர்த்தது. சுமார் 100 கட்டுரைகள், 6,00,000 சொற்கள். அது பிறகு வேறு சில இந்திய மொழிகளுக்கும், அரபிக்கும், சுவாகிலிக்கும் பரவியது. 2010 ஜூலைக்குள் எல்லாம் சேர்த்து 1.6 கோடி சொற்கள் ஆகியிருந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கூலி உண்டு. கூகுளின் மொழிபெயர்ப்புக் கருவியில் வேலை. அதனால் நிறுவனத்துக்கு இன்னொரு லாபமும் உண்டு. மனிதர் செய்த மொழிபெயர்ப்பு குவியக் குவிய, இயந்திரத்துக்குப் பாடம் கூடும்.

தமிழிலும் கட்டுரைகள் வந்து இறங்கின. தன்னார்வலர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பத்து வரிக் குறுங்கட்டுரை எழுதிக்கொண்டிருந்த இடத்தில், பல ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரைகள் அடுத்தடுத்து ஏறின. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் கொண்டாட்டம்தான். திறந்து படித்தவர்களுக்குத் திகைப்பாக இருந்தது. அமெரிக்கப் பாப் பாடகர்களும் ஹாலிவுட் படங்களும் வரிசைகட்டி நின்றன. தமிழ் வாசகர் தேடும் அடிப்படைத் தலைப்புகள் பல வெறுமையாகக் கிடக்க, அவர் கேள்விப்படாத பாடகியின் எல்லா இசைத்தட்டுகளுக்கும் பட்டியல் இருந்தது. வாக்கியங்கள் ஆங்கிலத்தின் மேல் தமிழ் எழுத்தைப் போர்த்தியது போல் நீண்டன. தமிழில் இல்லாத கட்டுரைகளுக்கெல்லாம் இணைப்பு கொடுத்ததால் பக்கம் நெடுகச் சிவப்பு எழுத்து. எல்லாவற்றையும்விடச் சங்கடம், உரையாடல் பக்கத்தில் கேள்வி கேட்டால் பதில் வராது. எழுதியவர் கட்டுரையை ஏற்றிவிட்டு அடுத்த உருப்படிக்குப் போயிருப்பார். அவருக்கு அது பீஸ் ரேட்.

பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த நிலைமை சட்டென்று புரியும். தையல் லைனிலிருந்து உருப்படி மளமளவென்று வந்து விழுகிறது. செக்கிங் மேசையில் நாலே பேர். பெரும்பாலும் பெண்கள். உருப்படியைத் திருப்பிப் போட்டு, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். குறை தெரிந்த இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே வைப்பார்கள். ஆல்ட்ரேஷன் பார்க்க வேண்டிய டெய்லர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால், ஸ்டிக்கர் ஒட்டிய உருப்படி மேசையிலேயே குவியும். 2010-இல் தமிழ் விக்கிப்பீடியாவின் நிலை அதுதான்.

ஆலமரத்தடியில் பேச்சு தொடங்கியது. ஒரு பக்கத்தார் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சும்மா வருகிறதை ஏன் தடுக்க வேண்டும்? நாமே பத்து ஆண்டில் எழுத முடியாததை ஓர் ஆண்டில் கொடுக்கிறார்கள், குறை இருந்தால் பையத் திருத்திக்கொள்ளலாமே? மறுபக்கத்தார் கேட்டார்கள்: யார் திருத்துவது? நாம் முப்பது பேர் நம் வேலையை விட்டுவிட்டு, கூலி வாங்கியவர் செய்த பிழைக்குப் பிசிர் வெட்டிக்கொண்டிருப்பதா? புதிதாக வரும் வாசகர் முதலில் இந்த நடையைப் பார்த்தால், தமிழில் அறிவியல் எழுதினால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ள மாட்டாரா?

இதே கேள்வி வங்காள விக்கிப்பீடியாவிலும் எழுந்தது. அங்குள்ளவர்கள் கறாராக மறுத்துவிட்டார்கள். தமிழ் தொகுப்பாளர்கள் பிடித்தது வேறு பாதை. முதலில் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு நிறுவனத்தாரோடு பேச உட்கார்ந்தார்கள். எந்தத் தலைப்பு வேண்டும் என்பதை இனி நாங்கள் சொல்கிறோம், ஏற்கனவே ஏற்றியவற்றைச் சரிசெய்யுங்கள், கேட்டால் பதில் சொல்லுங்கள் என்றார்கள். 2010 ஜூலையில் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ரவிசங்கர் இந்த அனுபவத்தைக் குறை, நிறை இரண்டோடும் ஓர் ஆய்வாகவே முன்வைத்தார். உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று இலவசமாகக் கொடுத்ததை, சம்பளம் இல்லாத ஒரு சிறு கூட்டம் புரட்டிப் பார்த்து டேமேஜ் எது என்று எண்ணிச் சொன்னது. மற்ற மொழிக்காரர்களும் அதைக் கவனித்தார்கள். அந்தத் திட்டம் பிறகு சில காலமே நடந்தது.

அதே 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது நினைவிருக்கும். திருப்பூரிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனோம். அலங்கார ஊர்தியும் கூட்டமும் பலருக்கு நினைவில் நிற்கும். மாநாட்டையொட்டித் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி ஒன்று வைத்தது பலருக்குத் தெரியாது. எழுதியவர்கள் நம் பிள்ளைகள். துறைச் செய்தியைத் தமிழில் சொல்ல முயன்ற மாணவர்கள். அவர்களுக்கும் விக்கி நடை புதிது, அங்கேயும் செக்கிங் வேலை இருந்தது. ஒரே ஆண்டில் இரண்டு கொடைகள். ஒன்றில் எழுதியவர் யாரென்றே தெரியாது. மற்றதில் எழுதியவரைத் தொடர்ந்து எழுத அழைக்க முடிந்தது. ஒரு கொடை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதைவிட, கொடுத்தவர் திரும்பப் பேச வருவாரா என்று பார்க்கும் பழக்கம் அந்த ஆண்டில்தான் தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் படிந்தது என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. எட்டு ஆண்டு கழித்து, 2018-இல், கூகுள் ஆதரவோடு ‘வேங்கைத் திட்டம்’ என்ற போட்டி இந்திய மொழிகளுக்கிடையே நடந்தது. இம்முறை கூலிக்கு ஆள் பிடிக்கவில்லை. ஏற்கனவே எழுதிவரும் தன்னார்வலர்களுக்கு மடிக்கணினியும் இணைய வசதியும் கொடுத்தார்கள். தலைப்புப் பட்டியலில் அந்தந்த மொழிச் சமூகம் கேட்டவையும் இருந்தன. பஞ்சாபி முதலில் வந்தது, தமிழ் இரண்டாவது. அடுத்த சுற்றில் தமிழ் முதலிடம். 2010-இல் ஆலமரத்தடியில் பேசியவை இந்த ஏற்பாட்டில் பாதிக்கு மேல் இருக்கின்றன.

திருப்பூரைப் பற்றிய பக்கங்களில் இந்தப் பேச்சு என்ன செய்யும் என்று பார்ப்போம். திருப்பூர் குமரன் இறந்த நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1932 ஜனவரி 10 அன்று ஊர்வலத்தில் அடிபட்டார், 11-ஆம் தேதி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அடிபட்ட நாளையே இறந்த நாளாகப் பலர் நினைத்திருப்பார்கள். ஒருவர் ஒன்று எழுத, இன்னொருவர் மாற்ற, மூன்றாமவர் சான்று கேட்க, தேதி நிலைக்கும். மேடையில் நாம் கொடிகாத்த குமரன் என்போம். களஞ்சியத்தில் வெறும் பெயர்தான் தலைப்பு. அதைப் பார்த்து மரியாதை குறைந்ததாகச் சிலர் வருத்தப்படுவார்கள். அடைமொழி சேர்க்காததே அங்கே பொது வழக்கம் என்று உரையாடல் பக்கத்தில் யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்த கதை இன்னும் கடினம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. ஒரத்துப்பாளையம் அணைப் பக்கத்து விவசாயி எழுதினால் ஆறு செத்த கதை வரும். பட்டறைக்காரர் எழுதினால் கடனும் சுத்திகரிப்புச் செலவும் வரும். வேலை போன தொழிலாளி எழுதினால் வாடகை வீட்டைக் காலி செய்த கதை வரும். விக்கிப்பீடியாவில் இதற்கு நடுநிலை நோக்கு என்று விதி இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுத்துவிட்டால் அது நடுநிலை ஆகாது. ஒவ்வொரு கூற்றையும் யார் சொன்னார், எங்கே பதிவாகியிருக்கிறது என்று அதனதன் சான்றோடு கட்ட வேண்டும்.

சான்று என்ற இடத்தில்தான் நம் ஊர் மாட்டிக்கொள்கிறது. முதல் பனியன் கம்பெனி எப்போது வந்தது? 1920-களைச் சொல்வாரும் உண்டு, 1937-ஐச் சொல்வாரும் உண்டு. பேபி நிட்டிங் என்ற பெயரும் குலாம் காதர் என்ற பெயரும் அந்தப் பேச்சில் தவறாமல் வரும். பழைய ஆள்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னதை எந்த விக்கிப்பீடியராலும் சான்றாக ஏற்க முடியாது. கட்டுரையில் அந்த வரிக்கு மேல் ‘சான்று தேவை’ என்று ஸ்டிக்கர் விழும். திருப்பூர்த் தொழிலாளர் முதலாளியான வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஷரத் சாரியின் நூல் 2004-இல் வந்தது, ஆங்கிலத்தில். ஓவர்லாக், பேட்லாக், பவர்டேபிள், கைமடி என்று நாள் முழுக்க நாம் பேசும் தொழில்மொழியில் எவ்வளவு அச்சேறியிருக்கிறது? லட்சக்கணக்கானவர் கை அறிந்த ஒரு தொழில், தாளில் ஏறாததால் களஞ்சியத்துக்கு அரைகுறையாகவே தெரிகிறது. இந்தக் குறையை விக்கிப்பீடியாவால் தீர்க்க முடியாது. உள்ளூர்ப் பத்திரிகையும் மலரும் நூலும் எழுதினால்தான் தீரும்.

2017 மே மாதம் தமிழ் விக்கிப்பீடியா ஒரு லட்சம் கட்டுரைகளைத் தொட்டது. அதைவிட எனக்குப் பிடித்த செய்தி வேறு. தமிழ் வளர்ச்சிக் கழகம் தன் கலைக்களஞ்சியத் தொகுதிகளைப் பொது உரிமத்தில் திறந்துவிட்டது. விக்கிப்பீடியாவின் தங்கைத் தளமான விக்கிமூலத்தில் பழைய நூல்கள் பக்கம் பக்கமாக ஏறுகின்றன. அங்கே ஒரு நடைமுறை உண்டு. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் படித்துத் திருத்தினால் மஞ்சள். மஞ்சளைப் பச்சையாக்க அவருக்கு உரிமை இல்லை. வேறொருவர் வந்து முதலிலிருந்து படித்து ஒப்ப வேண்டும். முதல் செக்கிங் பார்த்தவரே ஃபைனல் செக்கிங் பார்க்கக் கூடாது என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தூரன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்த மெய்ப்பை, அவர் மறைந்து பல ஆண்டு கழித்து, அவர் அறியாத யாரோ ஒருவர் மறுபடி பார்க்கிறார். அச்சுப்பிழை ஒன்று கிடைத்தால் உரையாடல் பக்கத்தில் எழுதிவைக்கிறார். அந்தப் பத்துத் தொகுதிகளுக்கு அன்று இல்லாமல் போன செக்கிங் மேசை இப்போது வந்திருக்கிறது.

அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எப்படி வந்தார்கள், சம்பளம் இல்லாத வேலைக்கு இரவு பதினொரு மணிக்கு ஏன் உட்காருகிறார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)